ட்யூபுக்குள்ள வந்தப்புறமும் ரத்தம் உயிரோட தான் இருக்கு: சாம்பிள் எடுக்கறவங்களுக்கு ஒரு கைடு

டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) முடிச்சுட்டு சென்னையில ஏதோ ஒரு லேப்ல முதல் தடவையா ஊசி கையில எடுக்கப்போற தம்பி தங்கச்சிங்களுக்காக தான் இத எழுதறேன். காலைல வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துட்டு போறாங்களே, அவங்க சரியா தான் எடுக்கறாங்களான்னு தெரிஞ்சுக்க நெனைக்கறவங்களும் படிக்கலாம், கஷ்டமான விஷயம் ஒண்ணும் இல்ல.

நான் வேலைக்கு சேர்ந்து மூணாவது மாசம் நடந்தது இது. கொளத்தூர் பக்கம் ஒரு தாத்தாவுக்கு ஹோம் கலெக்ஷன், சிபிசியும் (ரத்த அணுக்கள எண்ணற டெஸ்ட்) கிட்னி டெஸ்டும். நரம்பு ரொம்ப மெல்லிசு, முதல்ல பர்ப்பிள் மூடி ட்யூப் நெறைஞ்சுது, அப்புறம் மஞ்ச மூடியில கால்வாசி வந்ததும் ரத்தம் நின்னு போச்சு. இன்னொரு தடவ குத்த மனசு வரல, அதனால பர்ப்பிள் மூடிய தெறந்து அதுல இருந்து கொஞ்சம் மஞ்ச மூடிக்குள்ள ஊத்திட்டேன், ஒரே ஆளோட ரத்தம் தானே, என்ன ஆயிடப்போகுதுன்னு நெனச்சேன். அன்னிக்கு ராத்திரி பொட்டாசியம் 9க்கு மேலன்னு ரிப்போர்ட் போயிருக்கு, டாக்டர் பதறிப்போய் போன் பண்ணி உடனே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்கன்னு சொல்லி, அவங்க பொண்ணு மழையில ஆட்டோ புடிச்சு தாத்தாவ கூட்டிட்டு ஓடிருக்காங்க. ஈசிஜி நார்மல், திரும்ப எடுத்த ரத்தத்துல பொட்டாசியம் 4.3. அடுத்த நாள் அந்தக்கா போன்ல கேட்டாங்க, "ராத்திரி பூரா எங்கப்பா கைய புடிச்சுட்டு உக்காந்திருந்தேன்மா, எதுக்கும்மா அப்படி ஒரு நம்பர் வந்துச்சு?" என்கிட்ட பதில் இல்ல. அந்த பதில தேடிப்போனதுல தான் இந்த வேலையவே நான் கத்துக்கிட்டேன்.

பதில் என்னன்னா, பர்ப்பிள் ட்யூப்ல ரத்தம் உறையாம இருக்கறதுக்காக போட்டிருக்கற இடிடிஏ, பொட்டாசியம் உப்பு ரூபத்துல தான் இருக்கு. அத இன்னொரு ட்யூபுக்குள்ள ஊத்தினா பொட்டாசியத்தையே ஊத்தின மாதிரி. அதோட இடிடிஏ கால்சியத்த புடிச்சு கட்டிப்போட்டுடும் (ரத்தம் உறையாம இருக்கறதே அதனால தான்), அதனால கால்சியம் படு கீழ போயிடும், மெக்னீசியமும் ஜிங்க்கும் சேர்ந்து மாட்டிக்கறதால லிவர் டெஸ்ட்ல பாக்கற ஏஎல்பி என்சைமும் குறைஞ்சு காட்டும். ஒரு ரிப்போர்ட்ல பொட்டாசியம் எங்கயோ மேல, கால்சியம் எங்கயோ கீழ, ஆனா பேஷண்ட் நல்லா பேசிட்டு உக்காந்திருக்காருன்னா முதல்ல ட்யூப சந்தேகப்படுங்க.

இப்ப நான் சொல்ல வர்ற விஷயத்துக்கு வரேன். ரத்தம் ட்யூபுக்குள்ள வந்ததும் செத்துப்போற பொருள் இல்ல. சிவப்பணு அங்கயும் சர்க்கரைய தின்னுட்டு தான் இருக்கு, அதோட தோல்ல இருக்கற பம்ப் சோடியத்த வெளிய தள்ளி பொட்டாசியத்த உள்ள இழுத்துட்டு தான் இருக்கு, தட்டணு எதுலயாவது ஒட்டிக்கலாமான்னு பாத்துட்டு இருக்கு, உறைய வைக்கற புரோட்டீன் எல்லாம் ஒண்ண ஒண்ணு எழுப்பி விட்டுட்டு இருக்கு. உடம்புக்குள்ள இருந்தப்ப எப்படி இருந்துச்சோ அந்த நெலமையில ரத்தத்த மெஷின் வரைக்கும் கொண்டு போய் சேக்கறது தான் நம்ம வேலை. இத புடிச்சுக்கிட்டீங்கன்னா மிச்ச ரூல மனப்பாடம் பண்ணவே வேணாம், ஏன்னு யோசிச்சாலே வந்துடும்.

சரி, ஊசி எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் பேசுங்க. ஃபாஸ்டிங்கான்னு கேட்டா எல்லாரும் ஆமான்னு தான் சொல்லுவாங்க, "காலைல காபி குடிச்சீங்களாம்மா?"ன்னு தனியா கேளுங்க, நம்மூர்ல பாதி பேருக்கு காபி சாப்பாட்டு கணக்குலயே வராது. பால், சர்க்கரை போட்ட ஃபில்டர் காபி குடிச்சிருந்தா அது ஃபாஸ்டிங் இல்ல. வெறும் தண்ணி குடிக்கலாம், குடிக்க சொல்லுங்க, நரம்பும் நல்லா தெரியும். மெரினாவுல நடந்துட்டு வேர்வையோட நேரா லேபுக்கு வர்றவங்கள பத்து பதினஞ்சு நிமிஷம் உக்கார வைங்க, வேகமா நடந்தா சிகே, ஏஎஸ்டிங்கற என்சைம் எல்லாம் தசையில இருந்து ஏறும், படுத்திருந்து நிக்கறப்ப ரத்தத்துல இருக்கற நீர் கொஞ்சம் வெளிய போய் புரோட்டீன், கொலஸ்ட்ரால் எல்லாம் கூடின மாதிரி காட்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடறவங்கன்னா ரத்தம் கொடுத்துட்டு சாப்பிட சொல்லுங்க, மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு எஃப்டி4ங்கற தைராய்டு ஹார்மோன் ஏறி இருக்கும்.

அப்புறம் முடி கொட்டுதுன்னு மாத்திரை சாப்பிடறீங்களான்னு கட்டாயம் கேளுங்க. அதுல பயோடின்ங்கற வைட்டமின் நெறைய இருக்கும். நெறைய ஹார்மோன் டெஸ்ட் கிட்டுங்க பயோடினையும் ஸ்ட்ரெப்டாவிடின்ங்கற புரோட்டீனையும் ஒட்ட வெச்சு தான் வேலை செய்யுது, ரத்தத்துல கூடுதலா பயோடின் மெதந்துட்டு இருந்தா அந்த இடத்த அது புடிச்சுக்கும், அந்த மாதிரி கிட்ல டிஎஸ்ஹெச் (தைராய்ட தூண்டற ஹார்மோன்) குறைஞ்சும் எஃப்டி4 கூடியும் வரும், தைராய்டு அதிகமா சுரக்கற நோய் மாதிரியே இருக்கும் ஆனா அந்த பொண்ணுக்கு ஒண்ணும் இருக்காது. அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2017லயே இத பத்தி எச்சரிக்கை விட்டுச்சு. டாக்டர்கிட்ட கேட்டு ரெண்டு மூணு நாள் நிறுத்திட்டு வந்து கொடுத்தா போதும். இந்த ஒரு கேள்வி கேட்காததால தேவையில்லாம ஸ்கேன் வரைக்கும் போய் பயந்து அழுத பொண்ணுங்கள நான் பாத்திருக்கேன்.

பேரு விஷயம். "நீங்க லட்சுமி தானே?"ன்னு கேக்காதீங்க, காது கேக்காத பாட்டி கூட தலைய ஆட்டிடுவாங்க. "பாட்டி, உங்க முழு பேரு சொல்லுங்க, வயசு எத்தன?"ன்னு அவங்க வாயால சொல்ல வைங்க. நம்மூர்ல இனிஷியல் தான் ஆள பிரிக்குது, ஒரே அபார்ட்மெண்ட்ல எஸ். லட்சுமியும் ஆர். லட்சுமியும் இருப்பாங்க, ஒரே வீட்டுல மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பேரு இருந்ததையும் பாத்திருக்கேன். ஸ்டிக்கர ரத்தம் எடுத்ததும் அவங்க முன்னாடியே ஒட்டுங்க. முன்னாடியே ஒட்டின காலி ட்யூப பாக்கெட்ல வெச்சுக்கிட்டு நாலு வீடு சுத்தாதீங்க, கீழ போய் வண்டியில உக்காந்து ஒட்டிக்கலாம்னும் நெனைக்காதீங்க. ரத்தம் மாறிப்போனா எவ்வளவு பெரிய மெஷினாலயும் கண்டுபுடிக்க முடியாது.

இப்ப எடுக்கறது. ரப்பர் பட்டைய கட்டினதுல இருந்து ஒரு நிமிஷத்துக்குள்ள அவுத்துடணும். நரம்பு தேடவே ரெண்டு நிமிஷம் ஆச்சுன்னா அவுத்து விட்டு ரெண்டு நிமிஷம் கழிச்சு திரும்ப கட்டுங்க, ஏன்னா கட்டின இடத்துக்கு கீழ தண்ணி நரம்ப விட்டு வெளிய கசிஞ்சு ரத்தம் கெட்டியாயிடும், புரோட்டீனும் அது கூட ஒட்டிக்கிட்டு இருக்கற கால்சியமும் ஏறும். "கைய மூடி மூடி தெறங்க"ன்னு சொல்ற பழக்கம் எல்லார்கிட்டயும் இருக்கு, தயவு செஞ்சு விட்டுடுங்க. தசை வேலை செஞ்சா பொட்டாசியத்த வெளிய விடும், பட்டைய கட்டிட்டு கைய பம்ப் பண்ண வெச்சா பொட்டாசியம் ஒண்ணு வரைக்கும் கூட ஏறலாம், 4.4 இருக்கறவருக்கு 5.4ன்னு வந்தா அவரு சாப்பிடற பிபி மாத்திரையவே டாக்டர் மாத்திடுவாரு. லேசா ஒரு தடவ மூடினா போதும், கைய தொங்க விட்டாலோ வெந்நீர்ல நனைச்ச துணி போட்டாலோ நரம்பு தானா எழும்பும்.

ஸ்பிரிட் தடவினா காய விடுங்க, அரை நிமிஷம். ஈரமா இருக்கறப்ப குத்தினா எரியும், அதோட ஸ்பிரிட் ரத்தத்துல கலந்தா சிவப்பணு ஒடையும். ஊசி 21 இல்லன்னா 22 கேஜ், சின்ன நரம்புக்கு 23 பட்டர்ஃப்ளை, அத விட மெல்லிசா போகாதீங்க. சலைன் ஏறிட்டு இருக்கற கையில எடுக்கவே கூடாது, டெக்ஸ்ட்ரோஸ் ஏறுதுன்னா சுகர் 600 கூட வரும், நார்மல் சலைன்னா சோடியம், குளோரைடு மேல போய் மிச்சதெல்லாம் நீர்த்துப்போய் வரும், அடுத்த கைக்கு போங்க. மார்பக ஆபரேஷன் ஆனவங்ககிட்ட எந்த பக்கம்னு கேட்டுட்டு மத்த கையில எடுங்க, கேக்க சங்கடப்படாதீங்க, அவங்க அத நல்லதா தான் எடுத்துப்பாங்க.

மூடி கலர் வரிசை இருக்கே அது சும்மா சம்பிரதாயத்துக்கு இல்ல. கல்ச்சர் பாட்டில் (ரத்தத்துல கிருமி இருக்கான்னு பாக்கறது) இருந்தா அது முதல்ல, அப்புறம் நீல மூடி (சிட்ரேட்), அப்புறம் சிவப்பு இல்லன்னா மஞ்ச, அப்புறம் பச்ச (ஹெப்பாரின்), அப்புறம் பர்ப்பிள் (இடிடிஏ), கடைசில கிரே (ஃப்ளோரைடு). ஒரு ட்யூப்ல இருக்கற மருந்து ஊசி முனையில ஒட்டிக்கிட்டு அடுத்த ட்யூபுக்கு போகும், அதனால பொட்டாசியம் பாக்கற ட்யூபுக்கு முன்னாடி இடிடிஏ வரக்கூடாது. நான் பண்ணின தப்போட சின்ன உருவம் தான் இது, துளி அளவு போனாலே நம்பர் நகர்ந்துடும், 9 வந்தா யாராவது சந்தேகப்படுவாங்க, 5.6 வந்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, அதனால இது இன்னும் ஆபத்து.

நெறைஞ்ச உடனே மெதுவா தலைகீழா சாய்ச்சு சாய்ச்சு கலக்குங்க, நீல மூடி மூணு நாலு தடவ, பர்ப்பிள், பச்ச, கிரே எல்லாம் எட்டுல இருந்து பத்து தடவ. மோர் கடையற மாதிரி குலுக்கினா சிவப்பணு ஒடஞ்சுடும், கலக்காம அப்படியே ஸ்டாண்டுல சொருகினா அடியில குட்டி குட்டியா கட்டி புடிக்கும். சிரிஞ்சுல எடுத்து ட்யூபுக்கு மாத்தறவங்க ஊசியோட மூடிய குத்தி பிஸ்டன அழுத்தாதீங்க, அந்த அழுத்தத்துல அணுக்கள் நசுங்கும், கைய குத்திக்கற ஆபத்தும் இருக்கு. ஊசிய கழட்டிட்டு மூடிய தெறந்து ட்யூப் ஓரமா வழிய விடுங்க.

சிவப்பணு ஒடையறது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்னா, வெளிய பிளாஸ்மாவுல (ரத்தத்தோட நீர் பகுதி) இருக்கறத விட அணுக்குள்ள பொட்டாசியம் இருபது மடங்குக்கும் மேல இருக்கு, எல்டிஹெச்ங்கற என்சைம் நூறு மடங்குக்கும் மேல. கொஞ்சம் ஒடஞ்சாலும் வெளிய கொட்டிடும். செண்ட்ரிஃப்யூஜ் மெஷின்ல வேகமா சுத்தி அணுக்கள அடியில இறக்கின பிறகு மேல நிக்கற சீரம் லேசா ரோஸ் மில்க் கலர்ல இருந்தா எழுதி வைங்க, செக்கச்செவேல்னு இருந்தா பொட்டாசியம், எல்டிஹெச், ஏஎஸ்டி மூணும் போட வேணாம், திரும்ப எடுங்க.

அடுத்தது வெயிலும் நேரமும், இத தான் நான் ரொம்ப நேரம் பேசணும்னு நெனைக்கறேன், ஏன்னா குளிர் நாட்டுல எழுதின புஸ்தகத்துல ரூம் டெம்பரேச்சர்னா 20, 22 டிகிரி. நம்ம வேளச்சேரியில மே மாசம் மத்தியானம் வண்டிக்கு பின்னாடி கட்டின பெட்டிக்குள்ள என்ன சூடு இருக்கும்னு ஒரு தெர்மாமீட்டர் போட்டு பாருங்க, கத்திரி வெயில்ல வெளியவே 40 தாண்டும்.

முதல்ல சுகர். பிரிச்சு எடுக்காம வெச்ச ரத்தத்துல சுகர் மணிக்கு 5ல இருந்து 7 சதவீதம் வரைக்கும் குறையும், அதுவும் சாதாரண ரூம் சூட்டுல, சூடு ஏற ஏற இன்னும் வேகமா, வெள்ளணு அதிகமா இருக்கறவங்களுக்கு அதுக்கும் மேல. கிரே மூடியில ஃப்ளோரைடு இருக்கே, அது தடுத்துடுமேன்னு கேப்பீங்க. அது எனோலேஸ்னு ஒரு என்சைம தான் தடுக்குது, சர்க்கரைய ஒடைக்கற வழியில அது கிட்டத்தட்ட கடைசி படி, மேல இருக்கற படிங்க எல்லாம் அதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் ஓடிட்டு தான் இருக்கும். அதனால முதல் ஒரு மணி ரெண்டு மணி நேரத்துக்கு ஃப்ளோரைடு பெருசா உதவாது, அதுக்கப்புறம் தான் நம்பர் நிக்கும். இத தெரியாம கிரே மூடியில போட்டாச்சு, சாயங்காலம் வரைக்கும் கவலையில்லன்னு நெனைக்கறவங்க நெறைய.

இது யாருக்கு அடிக்கும்னு சொல்றேன். கர்ப்பமா இருக்கற பொண்ணுங்களுக்கு நம்ம சென்னை டாக்டர் வி. சேஷையா முன்னெடுத்த டெஸ்ட் இருக்கு, 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு 2 மணி நேரம் கழிச்சு ஒரே ஒரு சாம்பிள், 140 இல்லன்னா அதுக்கு மேல இருந்தா கர்ப்பகால சர்க்கரை. சாப்பிட்டாங்களா இல்லையான்னு கூட பாக்க வேணாம், தூரத்துல இருந்து பஸ் ஏறி வர்ற பொண்ணுங்களுக்காக யோசிச்சு செஞ்ச டெஸ்ட். இப்ப ஒரு பொண்ணுக்கு உண்மையில 143 இருக்கு, நீங்க ஒரு மணி நேரம் ட்யூப வெயில்ல வெச்சுட்டீங்க, 6 சதவீதம் போனா 134. நார்மல்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. குழந்தை பெருசாகி பிரசவம் சிக்கலாகறப்ப யாரும் உங்க டிராஃபிக் ஜாமோட அத சேர்த்து யோசிக்க மாட்டாங்க. அதனால சுகர் ட்யூப எடுத்ததும் ஐஸ் தண்ணியில வைங்க, அரை மணி நேரத்துக்குள்ள சுத்தி பிளாஸ்மாவ பிரிச்சுடுங்க. சிட்ரேட்டும் சேர்ந்த சுகர் ட்யூபுங்க இருக்கு, அது முதல் படியிலயே நிறுத்தும், உங்க லேப் வாங்க முடியும்னா அது ரொம்ப நல்லது.

இப்ப பொட்டாசியம், இது சுகருக்கு நேர் எதிர். நான் சொன்னேனே அந்த பம்ப், அது குளிர்ல நின்னு போயிடும். சுத்தாத ரத்தத்த ஃப்ரிட்ஜ்லயோ ஐஸ் மேலயோ வெச்சா உள்ள இருக்கற பொட்டாசியம் மெல்ல வெளிய கசிஞ்சு நம்பர் ஏறும், அணு ஒடையாததால சீரம் தெளிவா தான் இருக்கும், கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. சூட்டுல வெச்சா பம்ப் வேகமா ஓடும், முதல் சில மணி நேரம் பொட்டாசியத்த உள்ள இழுத்துடும், உண்மையில 5.3 இருக்கறவருக்கு 4.8 வரும், கிட்னி பேஷண்டுக்கு இது நல்லது இல்ல. அப்புறம் சர்க்கரை தீர்ந்ததும் பம்புக்கு சக்தி இல்லாம போய் எல்லாம் வெளிய வர ஆரம்பிக்கும். ஆக ஒரே பெட்டியில சுகர் ட்யூபுக்கு குளிர் வேணும், பொட்டாசியம் ட்யூபுக்கு குளிரும் ஆகாது வெயிலும் ஆகாது. நான் பண்றது என்னன்னா பெட்டிக்குள்ள ரெண்டு தடுப்பு, ஒண்ணுல ஐஸ் பேக், இன்னொண்ணுல ஐஸ் நேரா தொடாம தெர்மோகோல் வெச்சு 20ல இருந்து 25 டிகிரி, ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் எப்பவும் உள்ள இருக்கும். அதுக்கும் மேல நல்லது, ஓஎம்ஆர் மாதிரி தூரமான ஏரியாவுல கலெக்ஷன் செண்டர்லயே சின்ன செண்ட்ரிஃப்யூஜ் வெச்சு சுத்திட்டு அனுப்பறது. ஜெல் ட்யூப்னா (மஞ்ச மூடி) அரை மணி நேரம் நிக்க வெச்சு நல்லா உறைஞ்சப்புறம் தான் சுத்தணும், சுத்தினத திரும்ப சுத்தாதீங்க, அடியில இருக்கறது மேல வந்துடும்.

சுத்தறதுன்னதும் எல்லாரும் 3000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 3000 சுத்து)னு சொல்லுவாங்க, 3000னா எவ்வளவு விசைன்னு கேட்டா தெரியாது. மெஷினோட கைக்கு நீளம் எவ்வளவோ அத பொறுத்து மாறும். 0.00001118, அத நடுவுல இருந்து ட்யூப் அடி வரைக்கும் உள்ள சென்டிமீட்டரால பெருக்கி, ஆர்பிஎம்மால ரெண்டு தடவ பெருக்குங்க. 10 சென்டிமீட்டர் கைன்னா 3000ல 1006 ஜி (புவியீர்ப்பு விசைய போல அத்தன மடங்கு), 15 சென்டிமீட்டர்னா 1509 ஜி. ஜெல் ட்யூபுக்கு பொதுவா 1000ல இருந்து 1300 ஜி, பத்து நிமிஷம், ட்யூப் கூட வர்ற பேப்பர்ல என்ன சொல்லிருக்குன்னு பாத்துக்குங்க. ஸ்கேல் எடுத்து அளந்து மெஷின் மூடியிலயே எழுதி ஒட்டிடுங்க.

நீல மூடி பத்தி ஒரு வார்த்தை. இதயத்துல வால்வு மாத்தினவங்க ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டுட்டு மாசா மாசம் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுங்கற கணக்கு) பாக்க வருவாங்க, அவங்க டோசு இந்த நம்பர வெச்சு தான். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட், கோடு வரைக்கும் நெறையணும், குறைஞ்சா சிட்ரேட் கூடிப்போய் ரத்தம் உறைய நேரம் ஆகும், ஐஎன்ஆர் ஏறி காட்டும், டாக்டர் மாத்திரைய குறைப்பாரு, வால்வுல கட்டி புடிக்கும். பட்டர்ஃப்ளைல எடுத்தா பைப்ல இருக்கற காத்து முதல் ட்யூபுக்குள்ள போய் அளவு குறையும், அதனால ஒரு ட்யூப் எடுத்து எறிஞ்சுட்டு அப்புறம் நீல மூடி போடுங்க. இந்த ஐஎன்ஆர் ட்யூப ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க.

மழை ஆரம்பிச்சு டெங்கு சீசன் வந்தா எல்லாரும் தட்டணு எவ்வளவுன்னு தான் கேப்பாங்க, 40 ஆயிரம்னு வந்ததும் குடும்பமே பப்பாளி இலைக்கு அலையும். ஒரு சிலருக்கு இடிடிஏ பட்டதும் தட்டணுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், மெஷின் அந்த கூட்டத்த எண்ணாது. காய்ச்சல் இல்ல, தோல்ல புள்ளி இல்ல, ஆனா கவுண்ட் கம்மின்னா முதல்ல ட்யூப்ல கட்டி இருக்கான்னு குச்சி விட்டு பாருங்க, அப்புறம் கட்டாயம் ஒரு ஸ்மியர் (கண்ணாடி தகட்டுல மெல்லிசா தேய்ச்ச ரத்தம்) போட்டு ஓரத்துல கொத்து கொத்தா இருக்கான்னு மைக்ராஸ்கோப்ல பாருங்க. இருந்துச்சுன்னா நீல மூடியில திரும்ப எடுத்து வர்ற நம்பர 1.1ஆல பெருக்குங்க, சிட்ரேட் திரவம் கலந்ததுக்கான ஈடு அது. ஸ்மியர் போடாம கம்மி தட்டணு ரிப்போர்ட்ல கையெழுத்துக்கு அனுப்பறத நான் ஒத்துக்கவே மாட்டேன்.

இஎஸ்ஆர் (சிவப்பணு அடியில படியற வேகம்) பாக்கற கொழாய் நேரா நிக்கணும், 3 டிகிரி சாய்ஞ்சாலே 30 சதவீதம் வரைக்கும் கூடி வரும், ஃபேன் காத்து, ஜன்னல் வெயில், பக்கத்துல அதிர்ற செண்ட்ரிஃப்யூஜ் எதுவும் வேணாம், ஏசி ரூம்ல வைங்க. பிலிருபின் (மஞ்சக்காமாலையில ஏறற மஞ்ச நிறப்பொருள்) சாம்பிள ஃபாயில் சுத்தி வைங்க, வெளிச்சம் அத ஒடைக்கும், மஞ்சக்காமாலை குழந்தைய நீல விளக்குக்கு அடியில படுக்க வைக்கறதும் அதுக்கு தான்.

இதெல்லாம் நான் சொல்லி நம்ப வேணாம், நீங்களே ஒரு ஞாயித்துக்கிழமை செஞ்சு பாருங்க. சீனியர்கிட்ட கேட்டுக்கிட்டு, உங்க ஆளுங்கள்ல சம்மதிக்கற ஒருத்தர்கிட்ட எழுதி வாங்கிட்டு, ஒரே குத்துல அஞ்சு ட்யூப், நாலு பச்ச மூடி, ஒரு கிரே. முதல் பச்சைய உடனே சுத்தி பிரிச்சுடுங்க, ரெண்டாவத ஏசி ரூம்ல, மூணாவத வெயில்ல நிக்கற வண்டி பெட்டியில, நாலாவத ஃப்ரிட்ஜ்ல, கிரேய ஏசி ரூம்லயே. நாலு மணி நேரம் கழிச்சு மிச்ச எல்லாத்தையும் சுத்தி சுகரும் பொட்டாசியமும் போட்டு (கிரேல சுகர் மட்டும், அதுல வர்ற உப்பு பொட்டாசியம் உப்பா இருக்கலாம்) நோட்டுல எழுதுங்க. ஃப்ரிட்ஜ்ல சுகர் நிக்கறதையும் பொட்டாசியம் ஏறறதையும், பெட்டியில சுகர் சரியறதையும் உங்க கண்ணாலயே பாத்துட்டா அப்புறம் வாழ்நாள்ல மறக்க மாட்டீங்க.

ஆனா அதுக்கு முன்னாடி மெஷின் தன் பாட்டுக்கு எவ்வளவு ஆடும்னு தெரியணும், இல்லன்னா வந்த வித்தியாசம் ரத்தத்துலயா மெஷின்லயான்னு சொல்ல முடியாது. ஒரே சீரத்த இருபது தடவ ஓட்டுங்க, சராசரியும் எஸ்டியும் (சராசரிய சுத்தி நம்பர் எவ்வளவு சிதறுதுங்கற அளவு) போடுங்க. சராசரி 95, எஸ்டி 1.9ன்னு வந்துச்சுன்னா ஆட்டம் 2 சதவீதம். ரெண்டு ரிசல்ட்டுக்கு நடுவுல எஸ்டிய 2.77ஆல பெருக்கின அளவு, அதாவது 5.3க்கு மேல வித்தியாசம் இருந்தா தான் நிஜமா ஏதோ மாறிருக்குன்னு தைரியமா சொல்லலாம். 95ம் 98ம் வந்ததுக்கு "ஐயோ சுகர் ஏறிடுச்சு"ன்னு வருத்தப்படற மாமாவுக்கு இத சொல்லி புரிய வெச்சிருக்கேன்.

தினமும் காலைல கண்ட்ரோல் (அளவு முன்னாடியே தெரிஞ்ச சாம்பிள்) ஓட்டி லீவி ஜென்னிங்ஸ் சார்ட்ல புள்ளி வைக்கறோமே, 1950ல லீவியும் ஜென்னிங்ஸும் லேபுக்கு கொண்டு வந்த முறை, இதே கணக்கு தான். 1981ல வெஸ்ட்கார்ட் அதுக்கு ரூல் எழுதினாரு. ஒரு புள்ளி 3 எஸ்டிக்கு வெளிய போனா நிறுத்துங்க, அடுத்தடுத்து ரெண்டு புள்ளி ஒரே பக்கம் 2 எஸ்டிய தாண்டினாலும் நிறுத்துங்க, பத்து புள்ளி தொடர்ந்து சராசரிக்கு ஒரே பக்கத்துல உக்காந்திருந்தா ஒண்ணும் வெளிய போகலன்னாலும் ஏதோ மெல்ல நகருதுன்னு அர்த்தம். புள்ளி வெளிய போனா நல்ல நம்பர் வர்ற வரைக்கும் திரும்ப திரும்ப ஓட்டாதீங்க, காரணத்த தேடுங்க. வேலூர் சிஎம்சி நடத்தற இக்வாஸ்ல (லேபோட தரத்த வெளிய இருந்து சோதிக்கற திட்டம்) உங்க லேப் இருக்கான்னு கேளுங்க, அவங்க அனுப்பற சாம்பிளுக்கு தனி கவனிப்பு கொடுக்காம தினசரி சாம்பிள் மாதிரியே ஓட்டுங்க. கண்ட்ரோல் எவ்வளவு அழகா இருந்தாலும் அது மெஷின பத்தி மட்டும் தான் சொல்லும், உங்க வண்டி பெட்டிய பத்தி சொல்லாது.

ஊசிக்கு திரும்ப மூடி போடாதீங்க, நேரா குத்தினா கிழியாத வெள்ளை டப்பாவுல, ட்யூபும் ஊசி கழட்டின சிரிஞ்சும் சிவப்பு பையில. குத்திக்கிட்டீங்கன்னா பிதுக்காம சோப்பு தண்ணியில கழுவிட்டு உடனே சொல்லுங்க, ஹெச்ஐவிக்கான தடுப்பு மருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லது, 72 மணி நேரம் தாண்டினா பலன் இல்ல. திட்டுவாங்கன்னு பயந்து மறைக்காதீங்க கண்ணுங்களா.

கடைசியா, சிவப்பணு ஒடஞ்ச சாம்பிள், அளவு குறைஞ்ச நீல மூடி, பேரு மாறின ட்யூப், மூணு மணி நேரம் பெட்டியில கெடந்த சுகர், இதெல்லாம் வந்தா திருப்பி விடணும், கவுண்டர்ல எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும். பேஷண்டுக்கு போன் பண்றது கஷ்டமா இருக்கும், நான் இப்படி தான் சொல்லுவேன்: "அம்மா, லேப்ல இருந்து பேசறேன், காலைல எடுத்த ரத்தம் டெஸ்டுக்கு ஏத்த மாதிரி இல்லம்மா, தப்பு எங்க பக்கம் தான், அப்படியே போட்டா தப்பான நம்பர் வந்துடும், நாளைக்கு காலைல நீங்க சொல்ற நேரத்துக்கு நானே வந்து எடுத்துக்கறேன், காசு ஒண்ணும் வேணாம்." இது வரைக்கும் பெரும்பாலும் "பரவால்லம்மா, வாங்க, ஆறு மணிக்கே எழுந்துடுவேன்"னு தான் சொல்லிருக்காங்க. ஆறு மணிக்கு போங்க, அப்ப வெயிலும் இருக்காது, ரோடும் காலியா இருக்கும், ட்யூப் அரை மணி நேரத்துல லேபுக்கு வந்துடும்.